இரண்டு பேருக்கான சுடுதண்ணீர்

1

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் இருக்கிற என் தங்கச்சி போன மாதம் தன் குளியலறையில் ஒரு சுடுதண்ணிப் பெட்டி பூட்டினாள். பெட்டி என்றால் பெட்டிதான். பழைய ரேடியோ அளவில் சுவரில் தொங்குகிறது. காலையில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து, சுவரில் நாலு துளை போட்டு, பிளேன்ரீ குடித்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னர் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டாராம். படத்தை அனுப்பிவிட்டு உடனே போன் எடுத்தாள். போன வருசம் எங்கள் வீட்டில் பூட்டியதற்கு எவ்வளவு முடிந்தது என்று கேட்டாள். சொன்னேன்.

"அக்கா, அதென்ன தங்கத்தில செய்ததோ?"

சிரித்துச் சமாளித்தேன். போனை வைத்த பிறகு மனம் கேட்கவில்லை. விலையை மட்டும் சொல்லிவிட்டு இருந்தால் இந்த நாட்டைப் பற்றிக் கோள் சொன்ன மாதிரி ஆகிவிடும். அந்தக் காசுக்குள் என்னென்ன அடங்கியிருந்தது என்று அவளுக்கும், அவளைப் போலக் கேட்கக்கூடிய உங்களுக்கும் எழுதுவோம் என்று உட்கார்ந்தேன்.

நாங்கள் இருப்பது சுவிஸில், லா ஷோ-து-ஃபோனில். மலைக்கு மேல் இருக்கிற ஊர். கீழே பீல் நகரில் மழை பெய்கிற நாளில் இங்கே பனி கொட்டும். சித்திரை பிறந்த பிறகும் முழங்கால் பனிக்குள் நடந்து வேலைக்குப் போயிருக்கிறேன். நான் ஒரு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் முள் பொருத்துகிறேன். என் வீட்டுக்காரரை ஊர் வழக்கப்படி இவர் என்றே எழுதுகிறேன். இவர் டாவோஸில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கி, பிறகு இந்த ஊருக்கு வந்து, இப்போது என் தொழிற்சாலைக்கு அடுத்த தெருவில் உள்ள இன்னொன்றில் வேலை செய்கிறார்.

சில வருசங்களுக்கு முன் ஊர் ஓரத்தில் ஒரு பழைய சின்ன வீடு வாங்கினோம். அதுவரைக்கும் வாடகை வீடுகள்தான். வாடகை வீட்டில் பைப்பைத் திறந்தால் சுடுதண்ணி வரும். எங்கே இருந்து வருகிறது, யார் சூடாக்குகிறார்கள் என்று பெரிதாக யோசித்ததில்லை. சொந்த வீட்டுக்கு வந்த அன்று நிலவறையில் ஆள் உயரத்தில் நின்ற ஒரு வெள்ளைத் தொட்டியைக் காட்டி, இதுதான் உங்கள் பொய்லர் என்றார்கள். இவர் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். அதற்குப் பிறகு அதை நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

2

பொய்லர் கதைக்குள் போக முன்னர் என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு ஒரே பிள்ளை, மயூரி. பீலில் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. லுசியன் என்ற சுவிஸ் பொடியனோடு இருக்கிறாள். கலியாணம் செய்யவில்லை. செய்வீர்களோ என்று இவர் ஒரு தரம் கேட்டதற்கு, லுசியன் நல்ல மரியாதையாக, யோசித்துக்கொண்டிருக்கிறோம் என்றான். இன்றைக்கும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பொடியன் தங்கமான பொடியன், அதனால் நாங்களும் அவசரப்படுத்தவில்லை.

போன வருசத்துக்கு முந்தின நத்தார் பண்டிகைக்கு அவர்கள் வீட்டில் சாப்பிடப் போயிருந்தோம். அப்போது மயூரி பிள்ளைத்தாச்சி, ஆறு மாதம் முடிந்திருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு அவள் கோப்பை துடைக்க, நான் பக்கத்தில் நின்று, நாட்கணக்காக மனதுக்குள் வைத்திருந்ததைக் கேட்டேன். பிள்ளை பிறந்தால் முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிகிற வரைக்கும் எங்கள் வீட்டில் வந்து நில்லன் என்றேன். எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவள் தாய் வீட்டில் நிற்பாள். இலை அவித்த சுடுதண்ணியில் அவளுக்குத் தலைக்கு வார்ப்பார்கள், மருந்துச் சரக்கு அரைத்த கறி கொடுப்பார்கள், துடக்குக் கழிவு வரைக்கும் ஒரு வேலையும் செய்ய விடமாட்டார்கள்.

"வேண்டாம் அம்மா. மருத்துவிச்சி வீட்டுக்கே வந்து பார்ப்பா. லுசியனுக்கும் லீவு இருக்கு. நீங்கள் வந்து பாத்திட்டுப் போங்கோவன்."

அவள் அன்பாகத்தான் சொன்னாள். இந்த நாட்டில் பிள்ளை பெற்றவளின் வீட்டு வாசலுக்கு மருத்துவிச்சி நடந்து வருவதும், தகப்பனுக்கு லீவு கொடுப்பதும் நல்ல விசயம்தான். அதை நானே பலரிடம் புகழ்ந்து கதைத்திருக்கிறேன். ஆனாலும் அந்தப் 'பாத்திட்டுப் போங்கோ' எனக்குச் சுட்டது. ரயிலில் வரும்போது இவர் என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தார். தலையிடி என்றேன்.

அதற்குப் பிறகு நான் அவளிடம் அந்தக் கதையை எடுக்கவில்லை.

3

பொங்கல் முடிந்த கிழமை, காலையில் குளிக்கப் போன இவர் தலை நிறையச் சவர்க்கார நுரையோடு குசினிக்கு ஓடி வந்தார். சூடே இல்லை, பச்சைத் தண்ணீர்தான் வருகிறது என்றார். கேத்தலில் கொதிக்க வைத்து நுரையைக் கழுவி அனுப்பிவிட்டு நிலவறைக்கு இறங்கிப் பார்த்தேன். தொட்டியின் அடியால் துருத் தண்ணீர் ஒழுகி அரிசி மூட்டைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. வெளியே எங்கும் பனி, யன்னல் கண்ணாடி உள்பக்கமாக உறைந்திருந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு மடாம் தனியாக இருக்கிறார். ஓய்வு பெற்ற ஆசிரியை. அன்றைக்குப் பின்னேரம் பனி வழித்துக்கொண்டு நிற்கும்போது விசயத்தைச் சொன்னேன். திருத்தும் வரைக்கும் எங்கள் வீட்டில் வந்து குளியுங்கள் என்றார். உடனே, ஒரு நிமிசம்கூடத் தாமதிக்காமல், 'உவி, மெர்சி' என்றேன்.

அப்படி உடனே ஓம் என்று சொல்லப் பழகுவதற்கு எனக்குப் பல வருசம் பிடித்தது. தொழிற்சாலைக்குப் போன முதல் மாதம் ஒருத்தி தன் பிறந்தநாளுக்குக் கேக் செய்து கொண்டுவந்து நீட்டினாள். நான் ஊர் மரியாதைப்படி வேண்டாம் என்றேன். அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டாள். எனக்கு விசர் வராத குறை. ஊரில் வேண்டாம் என்றால், இன்னொரு தரம் கேள் என்று அர்த்தம். மூன்றாம் தரத்தில் கோப்பையை வாங்கினால்தான் வளர்ப்பு நல்ல வளர்ப்பு. இங்கே ஒரு தரம் கேட்பார்கள்; வேண்டாம் என்றால் அதை அப்படியே நம்புவார்கள். முதலில் இதைக் கல்நெஞ்சு என்று நினைத்தேன். பிறகு இதுவும் ஒரு மரியாதை என்று விளங்கியது. உன் வாயால் வந்த சொல்லுக்கு மதிப்புக் கொடுக்கிறார்கள். அந்தப் பழக்கம் எனக்குப் பிடித்துப்போய், நானும் அப்படியே மாறினேன். மகளிடம் இரண்டாம் தரம் கேட்காமல் விட்டதற்கும் அதுதான் காரணம். பாதிக் காரணம் ரோசம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மடாமின் குளியலறையில் எங்களுக்கென்று இரண்டு துவாய் மடித்து வைத்திருந்தது. ஆறரைக்கு இவர், ஏழு மணிக்கு நான் என்று நேரம் ஒதுக்கித் தந்தார். ஒரு நாள் இவர் ஐந்து நிமிசம் பிந்திப் போனதற்கு, பனியில் வழுக்கி விழுந்துவிட்டாரோ என்று அந்த மனிசி வெளிவிளக்கைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாராம். நேரம் நேரம் என்று நிற்கிற இந்தச் சனத்தைப் பார்த்து எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். பிந்தினால் எங்களைத் தேடவும் இந்தச் சனம்தான் நிற்கிறது.

4

இனித்தான் தங்கச்சி கேட்ட காசு.

மூன்று பேரிடம் விலை கேட்டோம். அதில் மொசியே ரொபேர் என்பவர் நேரில் வந்து பார்த்தார். பனிச் சப்பாத்தை வாசலில் கழற்றி, பையில் இருந்து வீட்டுச் சப்பாத்து எடுத்துப் போட்டுக்கொண்டுதான் உள்ளே வந்தார். அதிலேயே இவருக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

பழைய மாதிரி மின்சாரப் பொய்லரைத் திரும்பவும் பூட்ட எங்கள் கன்டோனில், அதாவது மாகாணத்தில், இப்போது லேசில் விடமாட்டார்கள். அது மின்சாரத்தை அள்ளிக் குடிக்கும். அதற்குப் பதிலாக, சுற்றியிருக்கிற காற்றில் இருந்து சூட்டை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கிற பொய்லர் பூட்ட வேண்டும். இந்தக் குளிர் ஊரில் காற்றில் ஏது சூடு என்று கேட்டேன். குளிர்ப்பெட்டியின் பின்பக்கம் கையை வைத்துப் பாருங்கள், சூடாக இருக்கும், உள்ளே இருந்த சூட்டைத்தான் அது வெளியே விடுகிறது. இதுவும் அந்த வேலைதான் என்றார். நிலவறையில் வீட்டை வெப்பமாக்கும் எண்ணெய் அடுப்பு இருப்பதால் அங்கே அதற்குத் தேவையான சூடு இருக்கிறதாம்.

மொத்தம் ஆறாயிரம் பிராங்குக்குக் கொஞ்சம் மேலே. அதில் பொய்லரின் விலை பாதிகூட இல்லை. மீதி, ஆட்களின் கூலி. பழையதை அறுத்துத் தூக்கி, முறைப்படி கழிவுக்குக் கொடுக்கிற செலவு. தனியாக ஒரு மின்சாரக்காரர். அவர் செய்ததைச் சரி பார்க்க இன்னொருவர். இங்கே தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் என்பதால் அதற்கு ஒரு வடி. எல்லாவற்றுக்கும் மேலே வரி. பீலில் இருக்கிற இவருடைய சிநேகிதர் ஒருவர், எல்லை கடந்து ஜெர்மனியில் பொய்லர் வாங்கி வந்து ஒரு சனிக்கிழமையில் அரைக் காசுக்குப் பூட்டித் தருவதாகச் சொன்னார். இவருக்கு ஆசைதான். இரண்டு நாள் நிலவறைக்கும் மேலுக்குமாக நடந்தார். கடைசியில், ஏதும் நடந்தால் காப்புறுதிக்காரனுக்கு என்ன சொல்லுறது என்று அவரே கைவிட்டார்.

கன்டோன் இந்த வகைப் பொய்லருக்கு ஒரு பங்கு காசு திருப்பித் தரும். அதற்கு வேலை தொடங்க முன்னரே அறிவிக்க வேண்டும். இவர் கந்தோருக்குப் போன் எடுத்தார். இவருடைய பிரெஞ்சு, டாவோஸில் பொறுக்கிய ஜெர்மன் மேலே ஊற்றிய பிரெஞ்சு. பொய்லர் உடைந்துவிட்டது என்று சொல்ல வெளிக்கிட்டு, நான் உடைந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டார். அங்கே போனை எடுத்த பிள்ளை சிரிக்காமல், விரைவில் நலமடைய வாழ்த்தி, பிறகு அரை மணித்தியாலம் பொறுமையாக ஒவ்வொரு கேள்விக்கும் இவரோடு சேர்ந்து பதில் நிரப்பியதாம். முடிவில் நன்றி சொன்னதும் அந்தப் பிள்ளைதானாம். காசும் பிறகு சொன்னபடி வந்தது.

5

மொசியே ரொபேர் முதல் நாள் வந்தபோது கேட்ட முதல் கேள்வி, வீட்டில் எத்தனை பேர் என்பது. கேட்டு முடியவில்லை, இவர் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார்.

"இரண்டு. இரண்டே இரண்டு பேர்."

அந்தக் குரலை எனக்குத் தெரியும். நான் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த காலத்தில் நாங்கள் இருந்தது இதே ஊரில் ஒரு இரண்டறை வீட்டில். தபால்பெட்டியில் இவருடைய பெயரும் என் பெயரும். உள்ளே ஆறு பேர். மற்ற நாலு பேரும் வேறு கன்டோன்களில் அகதி விசாவோடு பதிந்தவர்கள். பதிந்த இடத்தை விட்டு வந்து தங்கக் கூடாது. இங்கே வேலை கிடைக்கும் என்று வந்து எங்கள் வரவேற்பறையில் படுத்து எழும்பினார்கள். பொலிஸ் கேட்டாலும், பதிவுக் கந்தோர் கேட்டாலும், கட்டடம் பார்க்கிற மடாம் கேட்டாலும் இவருடைய பதில் ஒன்றுதான். இரண்டு பேர்.

சத்தத்தை அடக்கலாம், சப்பாத்துகளைக் கட்டிலுக்குக் கீழே ஒளிக்கலாம். சுடுதண்ணியை ஒளிக்க முடியாது. கட்டடத்துக்கே பொதுவான தொட்டி. இரண்டு பேர் வீட்டுக்கு ஏன் இவ்வளவு தண்ணீர் போகிறது என்று மடாம் ஒரு நாள் கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு ஆறு பேரும் இரண்டு பேருடைய தண்ணீரில் குளித்தோம். ஆளுக்கு அரை வாளி சுடுதண்ணி, மீதிக்குப் பச்சைத் தண்ணீர்.

மயூரி பிறந்தது அந்த வீட்டில் இருக்கும்போதுதான். ஆசுபத்திரியில் எல்லாம் குறைவில்லாமல் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு எனக்குத் தண்ணி வார்க்க ஒரு பெண் இல்லை. அம்மா ஊரில், சண்டையால் பாதை பூட்டியிருந்தது. இவர்தான் வார்த்தார். மற்ற நாலு பேரையும் குளிருக்குள் உலாவ அனுப்பிவிட்டு, ஒரு பானையில் தண்ணீர் கொதிக்க வைத்து, என் முதுகுக்குப் பின்னால் நின்று முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு செம்பால் ஊற்றினார். கோப்பை கழுவிக் காய்த்துப்போன கை. இரண்டு வாளி. போதுமோ என்று கேட்டார். எனக்கு நடுக்கம் நிற்கவே இல்லை, இடுப்பு விட்டுப்போன மாதிரி வலி. போதும் என்றேன். அவர் திரும்பவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுக்கத் தண்ணீர் இல்லை. அந்த மனிசன் அன்றைக்குச் செய்தது பெரிய காரியம் என்று இன்றைக்கும் சொல்லுவேன். ஆனாலும் என் பிள்ளைக்கு அந்தக் குளிர் வரக் கூடாது, அவளுக்கு நான் வாளி வாளியாக வார்க்க வேண்டும் என்று அன்றைக்கே மனதுக்குள் முடித்து வைத்திருந்தேன்.

மொசியே ரொபேர் இரண்டு பேருக்கான சின்னத் தொட்டிக்கு விலை எழுதி அனுப்பினார். அதை வாசித்தபோது எனக்கு இவர் மேல் கோபம் வந்தது. பிறகுதான் யோசித்தேன், இவர் பொய் சொல்லவில்லையே. அத்தனை வருசம் பயந்து பயந்து பொய்யாகச் சொன்ன இரண்டு, இப்போது உண்மையாகிப் போயிருந்தது. பிள்ளை வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

6

தொட்டிக்குச் சொல்ல முன்னர் அளவு எடுப்பதற்கு மொசியே ரொபேர் இன்னொரு தரம் வந்தார். நிலவறையில் சுவரை அளந்துகொண்டு போனவர் பாதியில் நின்றுவிட்டார். ஒரு மூலையில் மடிக்கிற கதிரைகள் அடுக்கியிருந்தன. பக்கத்தில் வந்து தங்குகிற ஆட்களுக்கென்று சுருட்டி வைத்த மெத்தைகள், நாலு மூட்டை அரிசி, சரஸ்வதி பூசைக்குப் பொங்குகிற கிடாரம். எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்து, வீட்டில் எத்தனை பேர் என்று திரும்பவும் கேட்டார்.

இவர் திரும்பவும் இரண்டு என்றார். போதாக்குறைக்கு, வேண்டுமென்றால் பதிவுப் பத்திரம் காட்டுகிறேன் என்று படியேறப் போனார்.

மொசியே ரொபேர் அளவு நாடாவைச் சுருட்டினார்.

"பத்திரம் வேண்டாம் மொசியே. நான் கேட்பது கொம்யூன் கந்தோருக்கு இல்லை, தண்ணீருக்கு."

இந்தப் பொய்லர் மெதுவாகத்தான் சூடாக்கும், தொட்டி முடிந்தால் அடுத்த சூட்டுக்குப் பல மணித்தியாலம் காத்திருக்க வேண்டும் என்று விளங்கப்படுத்தினார். வராத ஆளைக் கணக்கில் சேர்த்தால் கொஞ்சக் காசு கூடப் போகும், வருகிற ஆளை விட்டுவிட்டால் கடைசியாகக் குளிப்பவர் நடுங்குவார், அதனால் யார் யார் வந்து தங்குவார்கள் என்று யோசித்துச் சொல்லுங்கள் என்றார். இன்றைக்குச் சொன்னால் மாத முடிவுக்குள் பூட்டிவிடலாம்.

இவர் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ கந்தோர்களில் எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர். எங்களுக்குப் போதுமோ என்ற கவலையில் ஒருவர் இதைக் கேட்டது இதுதான் முதல் தடவை. கண் கலங்கியதை மறைக்கக் குனிந்து மூட்டையின் கட்டை இறுக்கினார்.

"நீர் சொல்லும். எத்தினை பேர் எண்டு சொல்ல?"

மொசியே ரொபேருக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு, மயூரிக்குப் போன் எடுத்தேன். வேலையில் இருந்தாள்.

"பொய்லர் பூட்டுற ஆள் வந்து நிக்கிறார். வீட்டில எத்தினை பேர் எண்டு கேக்கிறார்."

"அதுக்கு ஏன் எனக்கு எடுக்கிறீங்கள்? நீங்கள் ரெண்டு பேர்தானே?"

"ஓம். அப்பாவும் ரெண்டு எண்டுதான் சொன்னவர்."

அத்தோடு போனை வைத்திருக்கலாம். அவள் ஒரு தரம் வேண்டாம் என்றுவிட்டாள், அதை மதிக்க வேண்டும் என்று எனக்கு நானே எத்தனை நாள் சொல்லியிருப்பேன். ஆனால் குசினியில் ஒருவர் கோப்பியோடு பதிலுக்குக் காத்திருந்தார். சும்மா கேட்கவில்லை, தொட்டிக்காகக் கேட்கிறேன் என்று ஒரு சாட்டும் கிடைத்திருந்தது.

"உங்கள் மூண்டு பேரையும் சேர்த்துச் சொல்லட்டோ?"

அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"இவ்வளவு நாளும் ஏன் அம்மா கேக்கேல்லை?"

"கேட்டனான்தானே. நீ வேண்டாம் எண்டு சொன்னனி."

"ஒருக்காத்தானே கேட்டனீங்கள்? ஒரு கரண்டி சோறு போடவே நாலு தரம் கேக்கிற ஆள். இதை ஒருக்காக் கேட்டிட்டு விட்டிட்டீங்கள். உங்களுக்குத்தான் ஏலாது போல எண்டு நினைச்சன்."

இங்கே பிறந்து, இங்கே படித்து, கலியாணம் செய்வதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிற பிள்ளை. அவள் சுவிஸ்காரியாகிவிட்டாள் என்று நினைத்து நான் சுவிஸ்காரி மாதிரி ஒரு தரம் கேட்டுவிட்டு இருந்திருக்கிறேன். அவள் யாழ்ப்பாணத்துப் பெண் மாதிரி இரண்டாம் தரத்துக்குக் காத்திருந்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"மூண்டு பேரையும் சேர்த்துச் சொல்லுங்கோ அம்மா. லுசியன் கனநேரம் குளிப்பான், அதையும் சொல்லுங்கோ."

நான் திரும்பி இவரைப் பார்த்தேன். நான் வாய் திறக்க முன்னரே இவருக்கு விளங்கிவிட்டது. மொசியே ரொபேருக்கு முன்னால் போய், ஒரு கையை முழுதாக விரித்துக் காட்டினார்.

"ஐந்து. சனி ஞாயிறு இன்னும் கூட."

7

பெரிய தொட்டிக்குச் சில நூறு பிராங்க் கூடியது. சொன்ன நாளில், சொன்ன மணிக்கு வந்தார்கள். படியெல்லாம் துணி விரித்து, பழையதைத் துண்டு துண்டாக வெளியே கொண்டு போனார்கள். பின்னேரம் நிலவறையைக் கூட்டித் துடைத்து, அரிசி மூட்டைகளை முன்பு இருந்த மாதிரியே அடுக்கி வைத்துவிட்டுப் போனார்கள். பக்கத்து மடாமுக்குத் துவாய்களைத் தோய்த்து மடித்து, ஒரு தட்டு வடையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு தரம்தான் நீட்டினேன், உடனே வாங்கிக்கொண்டார். புதிய பொய்லர் நிலவறைக் காற்றின் ஈரத்தையும் சேர்த்து இழுக்கிறது. இப்போது என் மோர்மிளகாய் அங்கேதான் காய்கிறது. தங்கச்சி, இதுவும் அந்தக் காசுக்குள்தான் அடங்கும்.

பங்குனியில் மயூரிக்கு ஆண்பிள்ளை பிறந்தது. ஆசுபத்திரியில் இருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அன்றைக்கும் பனி பெய்தது. லுசியன் பிள்ளையைக் கோட்டுக்குள் வைத்து மூடிக்கொண்டு, படியில் ஒவ்வொரு காலாக வைத்து ஏறினான். மருத்துவிச்சியும் இந்த வீட்டுக்கே வந்தார். எப்போது, எப்படிக் குளிக்க வார்க்கலாம் என்று கேட்டேன். விளங்கப்படுத்திவிட்டு, அம்மா இருக்கிற வீடு நல்ல வீடு என்று சொல்லிப் போனார்.

பீல் தமிழ்க் கடையில் வாங்கிய காய்ந்த வேப்பிலையையும் நொச்சியையும் இவர் கிடாரத்தில் போட்டு அவித்தார். வீடு முழுக்க ஊர் மணம். இது என்ன மருந்து என்று லுசியன் மூக்கைச் சுருக்க, இவர் தன் பிரெஞ்சில் விளக்கம் கொடுத்துக்கொண்டு நின்றார். அவனுக்கு என்ன விளங்கியதோ, தலையை மட்டும் ஆட்டினான். நான் குளியலறையில் பலகை போட்டு மயூரியை இருத்தினேன். இலைத் தண்ணீரைப் பைப்புச் சுடுதண்ணியோடு கலந்து, கையால் சூடு பார்த்து, தோளில் இருந்து தொடங்கி இடுப்புக்கு, பிறகு தலைக்கு வார்த்தேன். முதல் செம்புக்கு உடம்பை இறுக்கினாள். பிறகு மெல்ல மெல்லத் தளர்ந்து, தலையை என் வயிற்றில் சாய்த்தாள். நான் எத்தனை வாளி என்று எண்ணவில்லை.

"போதுமோ பிள்ளை?"

"போதும் அம்மா."

செம்பைக் கீழே வைக்கக் குனிந்தேன். வைக்கவில்லை.

"உண்மையாப் போதுமோ?"

கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

"இன்னும் ஊத்துங்கோ."

பைப்பைத் திறந்தேன். சூடாகத்தான் வந்தது.